தம்பியின் கிண்ணத்து மூடி

1

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சமையல் என் வேலை. ஜப்பான் சாப்பாடு சமைப்பேன். கடைகளில் விற்கிற பச்சை மீன் உருண்டை இல்லை. அது பணக்காரர் தின்பது. நான் சமைப்பது அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் போடுகிற சாப்பாடு. உருளைக்கிழங்கு, வெங்காயம், கரட், மெல்லிசாக வெட்டிய பன்றி இறைச்சி. சோயா சோஸும் கொஞ்சம் சீனியும் விட்டு சின்ன நெருப்பில் அவிய விடுவது. பக்கத்தில் புளித்த சோயா விழுதில் வைக்கிற மிசோ சூப். ஒட்டுகிற அரிசிச் சோறு. அவ்வளவுதான்.

சுவிஸில், ஊஸ்டரில் இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி மலர், மகள் அபிரா. மேசையில் நான்கு பேருக்கு வைப்பேன். நான்காவது கிண்ணம் தம்பி தயாளனுடையது. மரக்கிண்ணம். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு அரக்குப் பூச்சு. அதற்கு ஒரு மூடி. சோற்றைச் சூட்டோடு போட்டு மூடி வைப்போம். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் மூடியைத் திறந்து பார்ப்போம். உள்ளே நீர்த்துளி நின்றால், தூர இருக்கிற ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். உலர்ந்திருந்தால் கூடாது.

இது எங்கள் வழக்கம் இல்லை. ஜப்பான்காரரின் வழக்கம். தம்பி காணாமல் போய் இருபத்தெட்டு வருடம். மூடி ஒருநாளும் உலர்ந்ததில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிறு உலர்ந்தது.

அதற்கு முதல் கிழமைதான் அபிரா லோசானுக்குப் போயிருந்தாள். அங்கே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பழகுகிறாள். மலருக்கு அன்று முதியோர் இல்லத்தில் பகல் வேலை. நான் தனிய. தனிய என்றாலும் சமைத்தேன். இரண்டு கிண்ணம் வைத்தேன். சாப்பிடத் தொடங்கப் போன் அடித்தது. ஊரிலிருந்து தங்கச்சி வசந்தி.

"அண்ணை, கடதாசி வந்ததோ?"

"வந்தது."

"கையெழுத்து?"

"பாப்பம்."

"நாலு வருசமாப் பாக்கிறியள். மேற்குப் பக்கக் கூரை இறங்கிட்டுது. வீட்டுத்திட்டத்துக்குப் பதியப் போனால் காணி ஆரின்ர பேரில எண்டு கேக்கினம். அம்மா செத்துப்போனா. நீங்கள் அங்கை. சின்னண்ணை எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? அவர் இல்லை எண்டு நீங்கள் எழுதித் தந்தால்தான் காணியை மாத்தலாம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சின்னண்ணைக்கு நானும் அழுதனான், அண்ணை. ஆனால் நான் உயிரோடை இருக்கிறன். என்னையும் ஒருக்கால் பாருங்கோ."

வைத்துவிட்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன். கிண்ணம் கழுவினேன். பிறகுதான் தம்பியின் கிண்ணம் நினைவு வந்தது. அதைத் திறந்து காட்டுகிறது அபிரா. சின்ன வயதிலிருந்து அவளின் வேலை அது. நான் அந்த மூடியைக் கையில் தூக்கிப் பல வருடம்.

தூக்கினேன். சோற்றிலிருந்து ஆவி வந்தது. முகத்தில் பட்டது. மூடியின் உட்பக்கம் மங்கலாக, துளி இல்லாமல் இருந்தது.

சோறு சூடு. மூடி உலர்வு. நான் முப்பது வருடமாகச் சமையலறையில் நிற்கிறவன். அப்படி நடக்காது.

மூடியைத் திருப்பி வைத்தேன். மலர் வரும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு 'N' பெர்மிற். அகதி விசாரணை முடியாத ஆளுக்குக் கொடுக்கிற அட்டை. அதை வைத்துக்கொண்டு எந்த வேலை கிடைக்கிறதோ அந்த வேலை. எனக்கு எங்கடின் என்கிற மலைப்பகுதியில் ஒரு ஹொட்டலில் கிடைத்தது. சிவப்பு ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். பனிக்காலம் முழுக்க வேலை, பனி உருகினால் வேலை இல்லை. கோப்பை கழுவினேன்.

அந்த ஹொட்டலில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுச் சாலை இருந்தது. அதன் சமையல்காரர் ஓனோ. எல்லோரும் ஓனோ சான் என்று கூப்பிடுவார்கள். என்னைவிடப் பதினைந்து வயது கூட. எனக்கு ஜெர்மன் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதனால் ஒத்துப்போனது.

விருந்தாளிகள் சாப்பிட்டுப் போனபின் பின்னேரம் மூன்று மணிக்கு வேலையாட்களுக்கு அவரே சமைப்பார். அப்போதுதான் அந்த உருளைக்கிழங்குச் சாப்பாட்டை முதலில் தின்றேன். உறைப்பு இல்லை. புளி இல்லை. முதல் நாள் சத்தி வரப் பார்த்தது. மூன்றாம் நாள் இரண்டாம் தரம் கேட்டேன்.

அவர் சூப்புக்கு ஒரு காய்ந்த மீனைச் சீவிப் போடுவார். மணம் மூக்கில் ஏறியதும் நான் கழுவுகிற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். மாசிக்கருவாடு. அதே மணம். அடுத்த லீவில் சூரிச்சுக்குப் போய்த் தமிழ்க் கடையில் ஒரு பைக்கற் மாசி வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். மணந்தார். கடித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அன்றைய சூப்பை அதில் வைத்தார். கூட வேலை செய்த போர்த்துக்கல் பெடியன்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த உயரத்தில் தண்ணீர் கெதியாகக் கொதிக்கும், ஆனால் சூடு போதாது. சோறு நடுவில் நறுக்கரிசியாகிவிடும். ஓனோ பானை மூடிக்கு மேலே ஒரு கல்லை வைப்பார். குளிருக்கு அவர் காதும் மூக்கும் சிவந்திருக்கும். பார்த்தால் கோபக்காரர் போல இருப்பார். கோபப்பட்டதை நான் காணவில்லை.

எல்லோருக்கும் போட்ட பிறகு ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, யன்னல் பக்கம் வைப்பார். பக்கத்தில் சாப்பிடுகிற குச்சி இரண்டையும் படுக்கையாக வைப்பார். நாங்கள் சாப்பிட்டு எழும்பியதும் மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு அந்தச் சோற்றைத் தானே தின்பார்.

ஒருநாள் கேட்டேன். கையால்தான் கேட்டேன்.

"மகன்," என்றார், அங்கே பொறுக்கிய நாலு ஜெர்மன் சொல்லில். "போய்விட்டான். எங்கே, தெரியாது. சாப்பிட வேண்டும்."

மூடியைக் காட்டினார். துளி துளியாக நின்றது. "நல்லம்," என்றார்.

பிறகு குச்சியை எடுத்துச் சோற்றில் நட்டுக் காட்டினார். உடனே பிடுங்கினார். கையை அசைத்தார். கூடாது. அது செத்த ஆளுக்கு வைக்கிற முறை. உயிரோடு இருக்கிற ஆளுக்குக் குச்சி படுத்திருக்க வேண்டும்.

3

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். கெட்டிக்காரன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் உயர்தரம் படித்தான். எங்கடினுக்கு எனக்கு அவன் ஒரு கடிதம் போட்டான். 'அண்ணா, என்னையும் எடுங்கோ. இங்கே இருக்கேலாது' என்று எழுதியிருந்தான். கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

நான் பதில் போட்டேன். உயர்தரச் சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எழுதினேன்.

இரண்டு வரி. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அவன் சைக்கிளில் ரியூசனுக்குப் போனான். சைக்கிள் மட்டும் வந்தது. யாரோ ஒரு வாத்தியார் தெருவில் கிடந்ததென்று உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாராம். பின் கரியரில் கொப்பி இருந்ததாம். அம்மா போகாத இடமில்லை. கேட்காத ஆளில்லை. ஒரு இடத்திலும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

செய்தி வந்த கடிதத்தை ஹொட்டலின் கோப்பை கழுவுகிற அறையில் வாசித்தேன். கை ஈரம். மை கரைந்தது. ஓனோ வந்து பின்னால் நின்றார்.

"தம்பி," என்றேன். "போய்விட்டான். எங்கே, தெரியாது."

அன்று யன்னல் பக்கம் இரண்டு கிண்ணம் வைத்தார்.

4

அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் ஹொட்டலில் பெரிய கூட்டம். ஓனோ சோற்றை ஆற விட்டுத்தான் கிண்ணத்தில் போட்டார். என் தம்பியின் கிண்ணத்துக்கு மூடி இல்லை. அது வெறும் சூப்புக் கோப்பை. அவருடைய கிண்ணத்தின் மூடி உலர்ந்திருந்தது. சோறு ஆறியதால்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் மூடியைப் பிடித்தபடி நின்றார். பின்னேரம் மீன் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார். அவர் வெட்டிக்கொண்டதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து, அவர் பார்க்க முன்னம் நான் அந்தப் பக்கம் போவேன். மூடியைத் தூக்கி, கழுவிய கையை உள்ளே ஒருமுறை உதறுவேன். திருப்பி வைப்பேன். அவர் வந்து திறப்பார். "நல்லம்," என்பார். பனி உருகும்வரை அப்படிச் செய்தேன்.

வேலை முடிந்து ஆட்கள் பிரிகிற நாள் அவர் ஜப்பானுக்குத் திரும்பினார். ரயில் மேடையில் ஒரு துணிப் பொட்டலம் தந்தார். அவிழ்த்தால் அந்தக் கிண்ணம், மூடியோடு.

"கையால் தெளித்த தண்ணீர் ஓடும்," என்றார். மூடியைச் சரித்துக் காட்டினார். "ஆவித் தண்ணீர் நிற்கும்."

எனக்கு முகம் எரிந்தது. அவர் ரயிலில் ஏறிவிட்டார். யன்னலால் கையைக் காட்டினார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

5

மலரைக் கலியாணம் கட்டி ஊஸ்டருக்கு வந்ததும் முதல் ஞாயிறு அந்தச் சாப்பாட்டைச் சமைத்தேன். ஒரு வாய் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆருக்குக் காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"பிறகேன் உப்புமில்லை உறைப்புமில்லை?"

எழும்பிப் போய் இடித்த சம்பல் போத்தலை எடுத்து வந்தாள். இன்றைக்கும் அவளுக்கு அந்தப் போத்தல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. "வையுங்கோ," என்றாள். "உங்கடை அம்மா அங்கை வைக்கிறா. நீங்கள் இஞ்சை வையுங்கோ."

உண்மை. அம்மா ஊரில் ஒவ்வொரு மத்தியானமும் தம்பிக்குச் சோறு எடுத்து மூடி வைப்பா. மரக்கறியும் சோறும். பின்னேரம் அதை எடுத்துத் தானே தின்பா. ஓனோவைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றி ஓனோவுக்குத் தெரியாது. திவசம் செய்யச் சொல்லி ஐயர் சொன்னபோது அம்மா அவரைப் படலையோடு அனுப்பிவிட்டா. நாலு வருடத்துக்கு முன் அம்மா செத்தபின் அவனுக்குச் சோறு வைக்கிற இடம் உலகத்தில் எங்கள் மேசை ஒன்றுதான்.

அபிரா அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தாள். கிழமை நாளில் அம்மாவின் கறி, ஞாயிறு அப்பாவின் ஜப்பான். பள்ளிக்கூடத்தில் உங்கள் நாட்டுச் சாப்பாட்டைப் படமாகக் கீறுங்கள் என்று சொன்னபோது அவள் கீறியது மிசோ சூப். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் சிறீலங்கா இல்லையா என்று கேட்டா. ஓம் என்றேன். இது ஜப்பான் அல்லவா என்று கேட்டா. அதற்கும் ஓம் என்றேன்.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும். விளையாட்டாகத் தம்பியின் சோற்றில் குச்சியை நட்டாள். கொடிக்கம்பமாம். நான் அவள் கையில் அடித்தேன். அதுதான் முதலும் கடைசியும். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கிண்ணத்தைத் திறந்து காட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நாங்கள் சாப்பிட்டு முடிய, கிண்ணத்தைக் குசினிக்குக் கொண்டுபோய்த் திறப்பாள். வாசலில் நின்று மூடியைத் தூக்கிக் காட்டுவாள்.

"நனைஞ்சிருக்கு, அப்பா. சித்தப்பா நல்லா இருக்கிறார்."

திங்கட்கிழமை அந்தச் சோற்றை நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவேன்.

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது சகோதரர் என்ற இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது. உயிரோடு, இறந்தவர். வசந்திக்கு முதல் கட்டத்தில் புள்ளடி போட்டேன். தம்பிக்கு இரண்டையும் விட்டேன். கந்தோரில் இருந்த மனுசி நல்ல மனுசி. பேனையால் அந்த வரியைத் தொட்டுக் காட்டி எது என்று கேட்டா. எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அவர் வழியில் இருக்கிறார் என்றேன். அப்படியா, எப்போது வந்து சேருவார் என்று கேட்டா.

பத்து வயது அபிரா பக்கத்தில் இருந்தாள். எனக்குச் சொல் வராத இடங்களில் அவள்தான் மொழிபெயர்ப்பாள். அன்று அவள் பேனை தொட்ட அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மூடி உலர்ந்த ஞாயிறு பின்னேரம் மலர் வேலையால் வந்தாள். சப்பாத்துக் கழற்ற முன்னம் சொன்னேன்.

"வசந்திக்குக் கையெழுத்துப் போடப்போறன்."

"ஏன் திடீரெண்டு?"

"மூடி காய்ஞ்சிருந்தது."

மலர் குசினிக்குள் போய்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பிள்ளை வரட்டும்," என்றாள். "அதுவரை ஒண்டும் செய்யாதேங்கோ."

பிள்ளைக்கும் இதற்கும் என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் எனக்கு நன்றாக இருக்கவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் யாராவது மெலிந்த பெடியன் பின்பக்கம் காட்டி நின்றால் முன்னெல்லாம் பார்ப்பேன். தம்பிக்கு இப்போது நாற்பத்தேழு ஆகியிருக்கும் என்று தெரியும். ஆனாலும் பெடியன்களைத்தான் பார்ப்பேன். அந்த இரண்டு கிழமை ஒருத்தரையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தேன். குசினியில் குழாய் தானே திறந்து மூடுவது போல ஒரு சத்தம் காதுக்குள் இருந்துகொண்டே இருந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தால் குழாய் மூடித்தான் இருக்கும்.

அபிரா ஒரு சனிக்கிழமை வந்தாள். முடியை வெட்டியிருந்தாள். வாயில் பாதி பிரெஞ்சு. லோசானில் மெற்றோ மலை ஏறுகிறதாம், வீட்டைவிட அங்கே நித்திரை வருகிறதாம். முந்தி நாளுக்கு மூன்று தரம் போன் எடுத்தவள் இப்போது படம் மட்டும் அனுப்புகிறாள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மூடி விசயம் அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. ஞாயிறு சமைத்தேன். நான்கு கிண்ணம். சாப்பிட்டு முடிய அவள் வழமை போலத் தம்பியின் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட சத்தம். கை கழுவுகிறாள் என்று இருந்தேன்.

வாசலில் நின்று காட்டினாள். "நனைஞ்சிருக்கு, அப்பா. சித்தப்பா நல்லா இருக்கிறார்."

நான் எழும்பினேன். "கொண்டா."

அவள் தரவில்லை. நான் போய் வாங்கினேன். சரித்தேன். தண்ணீர் நிற்கவில்லை. ஓடியது. ஓடி என் பெருவிரலில் வந்து நின்றது. குளிராக இருந்தது. விரலைத் துடைத்தேன். மூடியிலிருந்து விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே வெறும் மரம்.

"எப்ப இருந்து?"

"பதினொரு வயசில இருந்து."

"என்ன நடந்தது?"

"நீங்கள் சட்டி கழுவப் பழக்கினீங்கள் எல்லோ. கம்பிச் சுருளால உரஞ்சிக் கழுவ வேணும், பளபளக்க வேணும் எண்டு. உங்களுக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு சித்தப்பாவின்ர மூடியையும் அப்பிடி உரஞ்சினனான். கறுப்பெல்லாம் உரிஞ்சு வந்திட்டுது. பிறகு பாத்தால் தண்ணி நிக்கேல்லை. மரம் குடிச்சிட்டுது."

"சொல்லியிருக்கலாமே."

"குச்சியை நட்டதுக்கே அடிச்சனீங்கள்."

நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

"முதல்ல பள்ளிக்கூடப் பேனையால கறுப்படிச்சனான். பிறகு என்ர கண்மை. தண்ணியைக் குழாயில தெளிக்கிறது." என் கையிலிருந்த மூடியைக் காட்டினாள். "காய்ஞ்சுபோச்செண்டு சொன்னால் நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை, அப்பா. அதுதான்."

மலர் மேசையிலிருந்து சொன்னாள். "பிள்ளையைப் பேசாதேங்கோ. எனக்குத் தெரியும்."

"உனக்கும் தெரியுமோ?"

"கண்மை எப்பிடி இவ்வளவு கெதியா முடியுது எண்டு கேட்டனான். சொன்னாள்."

"பிறகேன் நீ பேசாமல் இருந்தனி?"

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில ஒரு மனிசர் மாதிரி இருந்தனீங்கள். அதை நான் ஏன் கெடுப்பான்?"

நான் மூடியைக் கிண்ணத்தின் மேல் வைத்தேன். தேத்தண்ணி போடச் சொன்னேன். மூன்று பேரும் குடித்தோம். பத்து வருடமாகத் தம்பி சுகமாக இருந்தது என் பிள்ளையின் விரலில். உலர்ந்த ஞாயிறும் ஒன்றையும் சொல்லவில்லை. அன்று நனைக்க ஆள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். மூடி எனக்கு எதையும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

வசந்தியின் குரல் நினைவுக்கு வந்தது. நான் உயிரோடை இருக்கிறன். அவள் கடிதம் கேட்கவில்லை, என்னை எடுங்கோ என்று கேட்கவில்லை. ஒரு கூரை கேட்டாள். அவளுக்கும் நான் பாப்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

7

சத்தியக்கடதாசியில் கையெழுத்தை இலங்கைத் தூதரகக் கந்தோரில், அதிகாரிக்கு முன்னால் போடவேண்டும். ஜெனீவா. ரயில் லோசானால்தான் போகும். அபிராவுக்குச் சொல்லவில்லை. மலர் சொல்லியிருக்கிறாள். லோசானில் ரயில் நின்றதும் ஏறி வந்து பக்கத்தில் இருந்தாள். வேலை உடுப்பு மணம் அவளில் இருந்தது.

"வேலை?"

"சொல்லிட்டு வந்தனான்."

ஏரி பக்கத்திலேயே வந்தது.

கந்தோரில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா இருந்தா. கடதாசியைப் பார்த்தா.

"ஐயா, இறந்த திகதி எழுதேல்லை."

"தெரியாது."

"காணாமல் போன திகதியை எழுதலாம்."

எனக்கு அந்தத் திகதி தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எங்கடினில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்திருப்பேன். வேறென்ன. எழுதினேன்.

"கீழ இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுங்கோ. பிறகு கையெழுத்து."

நாலு வரி. எனது சகோதரன் என்பது வரை வாசித்தேன். அதற்குப் பிறகு எழுத்து மங்கியது. கண்ணாடி பிழையோ என்று கழற்றித் துடைத்தேன். அபிரா கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவள். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"எனது... சகோதரன்... உயி...ருடன்..."

நிறுத்தினாள். அடுத்த சொல் 'இல்லை'. அவளுக்கு அது வாசிக்கத் தெரியும். முதலாம் வகுப்புச் சொல். அவள் வாசிக்கவில்லை.

"ஐயாதான் சொல்லவேணும், பிள்ளை," என்றா அந்த அம்மா. கோபமில்லாமல் சொன்னா.

நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். எனது சகோதரன் உயிருடன் இல்லை என நான் நம்புகிறேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஆனாலும் யாரோ ஒருவர் எழும்பி வெளியே போனது போலக் கதிரைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வசந்திக்கு எடுத்தேன்.

"போட்டிட்டன்."

இவ்வளவு நாளும் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடித்தவள். அழுதாள். சின்னண்ணை, சின்னண்ணை என்று அழுதாள். இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் அவள் செத்தவீட்டு அழுகை அழுததை நான் கேட்டேன்.

திரும்பி வரும்போது அபிரா லோசானில் இறங்கினாள். இறங்க முன் கேட்டாள்.

"இனி ஞாயிறு கிண்ணம் வைப்பீங்களோ, அப்பா?"

"தெரியாது."

கதவு பூட்டியது. மேடையில் நின்று கையைக் காட்டினாள்.

8

அடுத்த ஞாயிறு காலை கத்தியை எடுத்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவினேன். கை பழகியது. மாசியைச் சீவிச் சூப் வைத்தேன். மலர் சம்பல் போத்தலோடு வந்து இருந்தாள். நான் இரண்டு கிண்ணம் எடுத்தேன். பிறகு தம்பியின் கிண்ணத்தையும் எடுத்தேன்.

சோற்றைப் போட்டேன். குச்சி இரண்டையும் கையில் எடுத்தேன். கடதாசியில் நான் எழுதியது உண்மை என்றால் இதை நட வேண்டும். ஓனோ காட்டிய முறை அது. சோறு ஒட்டுகிற சோறு. நட்டால் நிற்கும். கிண்ணத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மலர் என் கையைப் பார்த்தாள்.

குச்சியைப் படுக்கையாக வைத்தேன். மூடினேன்.

சாப்பிட்டோம். முடியும்போது போன் அடித்தது. அபிரா. படம் இல்லை, முகம். வேலை உடுப்போடு நின்றாள். பின்னால் யாரோ பிரெஞ்சில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அப்பா, வச்சனீங்களோ?"

"வச்சனான்."

"திறந்து பாத்தனீங்களோ?"

"பொறு."

போனை மலரிடம் கொடுத்தேன். கிண்ணத்தைக் குசினிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் தூக்கினேன். ஆவி வந்தது. உட்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பு தேய்ந்து மரம் தெரிந்தது. உலர்ந்திருந்தது.

குழாயைத் திறந்தேன். விரலை நனைத்தேன். உள்ளே ஒருமுறை உதறினேன். குழாயை மூடினேன். மலர் போனோடு வாசலில் நின்றாள். அந்தச் சத்தம் அபிராவுக்குக் கேட்டிருக்கும்.

மூடியைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். தண்ணீர் ஓடியது. அவளும் பார்த்தாள்.

"நனைஞ்சிருக்கு," என்றேன்.

அபிராவின் கண்ணில் மை இருந்தது. விரலால் அதன் ஓரத்தைத் துடைத்தாள்.

"ஓம், அப்பா," என்றாள். "சித்தப்பா நல்லா இருக்கிறார்."

திங்கட்கிழமை அந்தச் சோற்றை வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் தின்றேன்.